பென்சில் முனையில் வந்த பாம்படம்

எங்கள் வீட்டுப் பட்டாசாலைச் சுவரில் மாட்டியிருக்கும் ஆச்சியின் படத்தில் இரண்டு காதுகளிலும் பாம்படம் தொங்குகிறது. படம் எடுத்தது 1976-ஆம் ஆண்டு. அந்தப் பாம்படங்களை ஆச்சி அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, அப்பாவைப் பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ப்பதற்காக, ஆசாரியிடம் நிறுத்துக் கொடுத்துவிட்டாள். உள்ளே இருந்த அரக்கை உருக்கி எடுத்துவிட்டுத் தங்கத்தை மட்டும் நிறுத்தபோது, நினைத்ததில் பாதிதான் தேறியது என்று அவள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியானால் படத்தில் தொங்குவது எது என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால், சங்கரன்கோவில் ரத வீதியில் மாடியில் ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணாச்சியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

ஸ்டுடியோவுக்குச் சாமி பெயர் ஒன்று உண்டு. வாசல் பலகையில் அது எழுதியும் இருந்தது. ஆனால் ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. 'போட்டோ அண்ணாச்சி கடை' என்றால் போதும். எங்கள் பக்கத்தில் வயதில் மூத்த ஆண்கள் எல்லோரும் அண்ணாச்சிதான் என்றாலும், அப்பாவுக்கும் எனக்கும் பின்னாளில் என் மகளுக்கும்கூட ஒருவரே அண்ணாச்சியாக இருந்தது அவர் விஷயத்தில் மட்டும்தான். நெல்லையில் ஒரு பெரிய ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்து, தட்டு கழுவுவதுபோலக் கண்ணாடி பிளேட் கழுவிக் கழுவித் தொழில் கற்றுக்கொண்டு, ஐம்பதுகளில் சொந்த ஊருக்குத் திரும்பியவர். கதர் அரைக்கைச் சட்டை போட்டிருப்பார். வலது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நகம் எப்போதும் பழுப்பாக இருக்கும். படம் கழுவும் மருந்தான டெவலப்பரின் கறை அது. கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் முதலில் அந்த நகத்தைத்தான் பார்ப்பார்கள்.

மாடிப்படி ஏறியதும் இடப்பக்கம் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் ஊர்க்காரர்களின் படங்கள் இருக்கும். அதில் யார் படம் ஏறியது, யார் படம் இறங்கியது என்பது ஊரில் ஒரு பேச்சு. உள்ளே போனால் நீளமான அறை, மறுகோடியில் திரை. ஏரி, படகு, பளிங்குப் படிக்கட்டு, தூண், தூணில் படர்ந்த ஏதோ ஒரு கொடி என்று வரைந்த அந்தத் திரையில் இருந்த எதுவும் எங்கள் ஊரில் கிடையாது. அதற்கு முன்னால் ஒரு முக்காலி, பிளாஸ்டிக் பூச்சாடி, எங்கும் இணைப்பு இல்லாத கறுப்புத் தொலைபேசி. அந்தத் தொலைபேசியைக் காதில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டவர்களில் பாதிப் பேர் நிஜத் தொலைபேசியைத் தொட்டே பார்க்காதவர்கள் என்று அண்ணாச்சி சிரிக்காமல் சொல்வார்.

எனக்கு அந்த அறையில் பிடித்தது கூரைதான். வடக்குச் சரிவில் ஓடுகளை எடுத்துவிட்டு வரிசையாகக் கண்ணாடி பதித்திருந்தார். மின்விளக்கு வருவதற்கு முந்திய ஸ்டுடியோக்களின் முறை அது. வடக்கு வெளிச்சம் நேர்வெயில் இல்லாதது, நாள் முழுவதும் ஒரே சீராக இருப்பது, முகத்தில் முரட்டு நிழல் விழாது என்று தொழில் கற்றுக்கொடுத்தவர் சொல்லியிருந்தாராம். ஆனால் அந்தப் பாடம் குளிர்தேசத்தில் எழுதப்பட்டது என்பதை அண்ணாச்சி முதல் சித்திரையிலேயே கண்டுகொண்டார். சங்கரன்கோவில் ஒன்பது டிகிரி சொச்சம் வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறப்பதை ஒட்டி உச்சிச் சூரியன் நம் தலைக்கு மேலே வந்து, பிறகு வடக்கே நகர்ந்து, ஆவணி நடுவில்தான் திரும்பவும் தெற்கே இறங்குகிறது. அதனால் ஆண்டில் நாலரை மாதம் வடக்குக் கண்ணாடி வழியாகவே வெயில் நேராக உள்ளே கொட்டும். அதற்காக அவர் கண்ணாடிக்குக் கீழே கொடி கட்டி, மல் துணியை இழுத்து விடுவார். எட்டு முழ வேட்டியை நாலாக மடித்து வெளுத்த மாதிரி ஒரு வெளிச்சம் அப்போது அறையில் இறங்கும். "சூரியன் வடக்க போயிருக்கு, ஆவணியில வரும்" என்று ஏதோ வெளியூர் போன உறவினரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார். பிற்பாடு ஐந்நூறு வாட்ஸ் பல்புகள் வாங்கிய பிறகும், பெரியவர்களைப் படம் எடுக்க வெளிச்சம் இருக்கும்போதே வரச் சொல்வதை அவர் விடவில்லை.

கேமரா தேக்குப் பெட்டி. துருத்தி வைத்தது. மூன்று கால் தாங்கி மேல் நின்றது. அதில் விழும் நெகட்டிவ் ஆறரைக்கு நாலே முக்கால் அங்குலம், ஹாப் பிளேட் என்பார்கள். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, தேய்த்த கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்ய வேண்டும். ஒருமுறை "ஏலே, இங்க வா" என்று கூப்பிட்டு என் தலையையும் அந்தத் துணிக்குள் விட்டார். அம்மா தலைகீழாகத் தொங்கினாள். சேலை மேல்நோக்கி விரிந்திருந்தது. விழுந்துவிடுவாளோ என்று நான் வெளியே ஓடிவந்து பார்த்தேன்.

தங்கை சின்னவளாக இருந்தபோது கோடை விடுமுறையில் பூ வைத்துத் தைத்தார்கள். பூ தைத்த அன்றே போட்டோ எடுத்தாக வேண்டும், மறுநாள் மல்லிகை பழுத்துவிடும். முகமும் தெரிய வேண்டும், பின்னால் சடையும் தெரிய வேண்டும் என்பதற்காகப் பிள்ளையைச் சாய்வாக உட்காரவைத்து, பின்னால் நிலைக்கண்ணாடி வைப்பது தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பொதுவழக்கம். அதில் என்ன சிரமம் இருக்கிறது என்று அண்ணாச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கண்ணாடிக்குள் தெரியும் சடை, முகம் இருக்கும் தூரத்தில் இல்லை. கேமராவிலிருந்து கண்ணாடிவரை போய், அங்கிருந்து சடைவரை திரும்பி வரும் மொத்தத் தூரத்தில் இருக்கிறது. முகத்துக்கு ஃபோகஸ் வைத்தால் பூ கலங்கும், பூவுக்கு வைத்தால் முகம் கலங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளியில் வைத்து, லென்ஸின் துளையை மிகச் சிறியதாகக் குறுக்கினால் இரண்டும் தெளியும். ஆனால் துளை சிறுத்தால் வெளிச்சம் குறையும், எடுக்கும் நேரம் கூடும், அந்த மூன்று நான்கு விநாடியும் பிள்ளை இமைகூட அசைக்காமல் இருக்க வேண்டும். தலையில் அத்தனை கனத்தோடு, கழுத்து வலிக்க, அலங்காரத்தில் பசியோடு வந்திருக்கும் ஆறு வயதுப் பிள்ளை! அண்ணாச்சி மிட்டாயெல்லாம் கொடுக்க மாட்டார். "தலையில ஒரு பல்லி உக்காந்திருக்கு தாயி, அசையாத, அதுவா போயிரும்" என்பார். தங்கை அந்தப் படத்தில் கண்ணை அகல விரித்து உறைந்திருப்பதன் காரணம் அதுதான்.

வருடத்தில் அவர் தூங்காத மாதம் ஆடி. கோமதியம்மன் தபசுத் திருவிழா பன்னிரண்டு நாள். சுற்றுப்பட்டி கிராமங்களிலிருந்து வண்டி கட்டி வருகிறவர்கள் புற்று மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு, உண்டியலில் பாம்பும் தேளும் பொறித்த தகடுகளைப் போட்டுவிட்டு, நேரே மாடிப்படி ஏறிவிடுவார்கள். புதுமணத் தம்பதி, மொட்டை போட்ட பிள்ளை, பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்தவர் என்று வரிசை தெரு வரைக்கும் நிற்கும். பகலெல்லாம் எடுத்ததை இரவு இரண்டு மணிக்கு மேல்தான் கழுவுவார். டெவலப்பருக்குப் புத்தகத்தில் சொல்லியிருப்பது இருபது டிகிரி சூடு. எங்கள் ஊர்த் தொட்டித் தண்ணீர் முப்பதுக்குக் குறையாது. தண்ணீர் சுட்டால் பிலிமின் மேலிருக்கும் ஜெலட்டின் இளகி, முகம் அப்படியே வழிந்துவிடும். பானைத் தண்ணீர், ஈரச் சாக்கு, சோடாக் கடையிலிருந்து ஐஸ் கட்டி என்று எதையெல்லாமோ வைத்துப் பார்த்தவர், கடைசியில் நம்பியது, கழுவிய படத்தை நிலைக்கவைக்கும் மருந்தான ஹைப்போவில் கலக்கும் படிகாரத்தை. ஜெலட்டினை அது இறுக்கிப் பிடிக்கும். எதிர்க் கடை முடிதிருத்துபவரும் அவரும் ஒரே செட்டியார் கடையில் படிகாரம் வாங்கினார்கள்.

அப்படியும் ஒரு தபசில் தப்பிவிட்டது. தாத்தா உயிரோடு இருந்தபோது குடும்பம் மொத்தமும் சேர்ந்து எடுத்த ஒரே படம், கழுவும்போது ஓரத்திலிருந்து உரிந்து சுருண்டுவிட்டது. மறுநாள் காலை அண்ணாச்சி செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்காராமல் நின்றபடி, "உங்க படம் போயிட்டு. என் கைத் தப்பு" என்றார். திரும்ப எடுக்கலாம் என்று தேதி குறித்தார்கள். அந்தத் தேதி வருவதற்குள் தாத்தா போய்விட்டார்.

இனி பென்சிலுக்கு வருகிறேன். ஸ்டுடியோவின் தெருப்பக்கச் சன்னலோரம் சாய்வான ஒரு மேசை இருந்தது. நடுவில் தேய்த்த கண்ணாடி, அடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. சன்னல் வெளிச்சம் கீழிருந்து மேலே ஏறி வரும். அந்த வெளிச்சத்தில் நெகட்டிவை வைத்து, பிசின் கலந்த ஒரு எண்ணெயை விரலால் மெல்லத் தடவி, கெட்டிப் பென்சிலின் முனையை ஓர் அங்குல நீளத்துக்கு உப்புத்தாளில் ஊசிபோலத் தீட்டி, சின்னச் சின்னப் புள்ளிகளாக ஒற்றிக்கொண்டிருப்பார். டச்சிங் என்று பெயர். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். முகத்திலிருக்கும் வடு, கண்ணுக்குக் கீழ்க் கருவளையம், அம்மைத் தழும்பின் நிழல் எல்லாம் அதில் வெறுமையாக, வெளிச்சம் புகும் இடமாகத் தெரியும். அங்கே பென்சிலால் நிரப்பினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். சுருக்கமாகச் சொன்னால், நெகட்டிவில் கறுப்புப் பூசுகிறவன் முகத்துக்கு வெள்ளை பூசுகிறான்.

ஊருக்கு இந்த வித்தை தெரிந்துபோயிற்று. பெண் பார்ப்பதற்கு முன் போட்டோ கேட்கும் வழக்கம் பரவிய காலம் அது. பிள்ளையைக் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டு, "கொஞ்சம் கலராப் போட்டுக் குடுங்க அண்ணாச்சி" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும் தாய்மார்களை நானே பார்த்திருக்கிறேன். அவரும் போட்டுக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். என் சின்ன அத்தைக்கும் போட்டுக் கொடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்து வெளியூரிலிருந்து ஒரு வரன் வந்தது. சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்று முடித்துக் காபியும் குடித்தபிறகு, மாப்பிள்ளையின் தாயார் கையிலிருந்த போட்டோவையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்து, "போட்டோவுல இருந்த கலரு இல்லையே" என்றாள். அறையில் எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னாள். அத்தை அன்றைக்கு உடுத்தியிருந்த சேலையை அதற்கப்புறம் உடுத்தவே இல்லை.

இதை யாரோ அண்ணாச்சியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அதன்பிறகு கல்யாணப் படத்துக்கு நிறம் ஏற்றுவதை அவர் நிறுத்தினார். "பவுடரு உங்க வீட்டுலயே போட்டுட்டு வாங்க. என் பென்சில்ல போட மாட்டேன்." இதனால் அவருக்கு நட்டம்தான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதிதாக வந்த ஸ்டுடியோவில் கேட்ட நிறம் கிடைத்தது. எனக்கு அவர்மேல் முழு மரியாதை வந்தது இந்த இடத்தில்தான் என்று சொல்ல ஆசை. உண்மையில், அத்தையின் படத்துக்கு முன்னால் எத்தனை பெண்களுக்கு அவர் அப்படிச் செய்தார், அவர்களில் எத்தனை பேர் அந்த வார்த்தையைக் கேட்டார்கள் என்ற கணக்கு அவரிடமும் கிடையாது என்பதை நினைத்தால் மரியாதையோடு வேறொன்றும் சேர்ந்து வருகிறது.

இழவு வீட்டிலிருந்தும் அவரைத் தேடி வருவார்கள். படமே எடுத்துக்கொள்ளாமல் செத்துப்போனவர்கள்தான் அன்றைக்குப் பெரும்பான்மை. மாலை போட்டு நாற்காலியில் சாய்த்து வைத்திருக்கும் உடலைப் படம் எடுத்துவந்து, அதிலிருந்து பெரிய பிரிண்ட் போட்டு, மூடிய கண்ணைத் திறந்த கண்ணாக வரைய வேண்டும். "கூடப் பொறந்தவுக யாராச்சும் இருக்காகளா?" என்று கேட்டு, அந்த அண்ணனையோ தங்கையையோ பதினாறு முடிந்தபிறகு ஸ்டுடியோவுக்கு வரச் சொல்லி, சன்னலோரம் உட்காரவைத்து, அவர்கள் கண்ணைப் பார்த்து இவர்களுக்கு வரைவார்.

ஆச்சி படத்துக்கு ஒத்துக்கொண்டதே அப்பாவுக்கு உத்தியோகம் நிலைத்தபிறகு அவர் விடாமல் நச்சரித்ததால்தான். நானும் கூடப் போயிருந்தேன். பாம்படம் தொங்கித் தொங்கி வளர்ந்த காது மடல், பாம்படம் போனபிறகு வெறும் வளையமாகத் தோளருகே ஆடிக்கொண்டிருக்கும். வீட்டில் அதை அவள் பொருட்படுத்தியதில்லை. அந்தப் பளிங்குப் படிக்கட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் முந்தானையை இழுத்துக் காதை மூடினாள். அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. துணிக்குள் தலையை விட்டார், எடுத்தார், மறுபடி விட்டார். நெடுநேரம் கழித்து முந்தானை தானாக நழுவிய ஒரு நொடியில், படம் எடுக்க அமுக்கும் ரப்பர் பந்தை அமுக்கினார்.

பத்து நாள் கழித்து அப்பா வாங்கிவந்த படத்தில் பாம்படம் இருந்தது. வெறும் கோடுகளாக அல்ல. உருண்டையும் சதுரமும் தட்டும் முடிச்சுமாக, பாம்பு சுருண்டு தலையெடுத்த அதே அமைப்பில், கழுத்து நிழலின் கறுப்புக்கு எதிரே பளீரென்று. கழுத்து நிழல் நெகட்டிவில் வெறுமையாக இருந்ததால் அங்கே பென்சிலுக்கு இடம் இருந்தது. ஆச்சி படத்தை வாங்கி, வெளிச்சத்துக்குப் போய், விரலால் அந்த இடத்தைத் தடவி, "எம் பாம்படம்தான். இடப்பக்கத்துல ஒரு தட்டு நசுங்கியிருக்கு பாரு" என்றாள். நசுங்கித்தான் இருந்தது. அப்பா மறுநாளே ஸ்டுடியோவுக்குப் போய், அது எப்படித் தெரியும் என்று கேட்டார். அண்ணாச்சி, எடுத்த படங்களுக்கெல்லாம் எண் போட்டு எழுதிவைத்திருந்த நம்பர் நோட்டைப் புரட்டிக் காட்டினார். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படத்தில் மூன்றாம் வரிசையில் ஆச்சி நின்றிருக்கிறாள். அந்தக் கண்ணாடி பிளேட்டை மச்சுப் பெட்டியிலிருந்து தேடி எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து வரைந்திருக்கிறார்.

வளர்ந்தபிறகு நான் அவரிடம் ஒருநாள் இதைக் கேட்டே விட்டேன். நிறம் ஏற்றுவது பொய் என்றால் பாம்படம் ஏற்றுவது மட்டும் என்ன என்று. நெகட்டிவிலிருந்து கண்ணை எடுக்காமல், "இல்லாததையா வரைஞ்சேன்? அது இருந்துச்சுல்லா" என்றார். அந்தப் பதில் எனக்கு இன்றும் முழுதாகத் திருப்தி தரவில்லை, மறுத்துப் பேசவும் வரவில்லை.

பென்சிலை ஓரங்கட்டியது அளவுதான் என்று நான் நினைக்கிறேன். ஹாப் பிளேட்டில் முகம் கட்டைவிரல் அகலம் இருக்கும். நூற்றிருபது ரோல் பிலிம் வந்தபோது முகம் புளியங்கொட்டை அளவாயிற்று. முப்பத்தைந்து மில்லிமீட்டர் வந்தபோது மிளகாயிற்று. மிளகின்மேல் எங்கே டச்சிங் செய்வது? ஊட்டியில் 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பிலிமையும் பேப்பரையும் அவர் கடைசிவரை வாங்கினார். ஊட்டிக் குளிரில் பிறந்தது நம்ம வெயிலில் வந்து சீரழிகிறது என்று பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அங்கலாய்ப்பார். எண்பதுகளில் கலர் வந்தது. கலர் ரோலை மதுரை லேபுக்குக் கொடுத்தனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இருட்டறைக்கு வேலை போயிற்று. 1993-இல் வாக்காளர் அடையாள அட்டை அறிவிக்கப்பட்டு, பிறகு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். அட்டை கைக்கு வந்ததும் பாதி ஊர் அதைத் தூக்கிக்கொண்டு அவர் மாடிப்படியில்தான் ஏறியது, "அண்ணாச்சி, இது நானா?" என்று கேட்க. அன்று அவர் சிரித்ததைப்போல அதற்குமுன் சிரித்து நான் பார்த்ததில்லை.

கடையைக் காலி செய்தபோது பெட்டி பெட்டியாக நெகட்டிவ் இருந்தது. பழைய ஹைப்போவையும் பிலிமையும் வெள்ளிக்காக எடை போட்டு வாங்குகிறவர்கள் உண்டு. கண்ணாடி பிளேட்டுகளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டிவிட்டால் சாமி படத்துக்குச் சட்டம் போடுகிறவர் வாங்கிக்கொள்வார். எத்தனையோ ஸ்டுடியோக்களின் கதை அப்படித்தான் முடிந்தது. புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடிப்போய் எண்ணிம வடிவில் பாதுகாக்கும் வேலையைச் செய்திருக்கிறார்கள் என்பதை நான் பின்னால்தான் அறிந்தேன். அண்ணாச்சியிடம் யாரும் வரவில்லை. அவர் நம்பர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று மாதம், வீடு வீடாகப் போய், அந்தந்த வீட்டு நெகட்டிவை அந்தந்த வீட்டில் கொடுத்தார். ஊரைவிட்டுப் போனவர்களுடையது மட்டும் எடைக்குப் போயிற்று. எங்கள் வீட்டுக்கு ஆச்சியினுடையது வந்தது, ஒரு பழைய போட்டோ பேப்பர் உறைக்குள்.

அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. சுவரில் இருக்கும் படம் ஓரத்தில் பழுக்கத் தொடங்கியதால், நெகட்டிவிலிருந்தே புதிதாகப் பிரிண்ட் போட்டுவிடலாம் என்று சென்ற மாதம் திருநெல்வேலியில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். ஸ்கேனருக்கு முன்னால் இருந்த பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். அவ்வளவு பெரிய நெகட்டிவை அவன் பார்த்ததில்லை. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு பஞ்சில் எதையோ நனைத்துக்கொண்டு, "சார், காதுக்குக் கீழ ரெண்டு பக்கமும் அழுக்கு அப்பியிருக்கு, தொடச்சிரட்டுமா?" என்றான். நான் மேசையைத் தாண்டிப் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.